வாக்கில்லாத மேயர்

ஒருவர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் சேரலாம் என்பதைச் சொல்வது பிரெஞ்சுத் தேர்தல் சட்டத்தின் பதினொன்றாம் பிரிவு. அதன் முதல் பத்தி எல்லாருக்கும் தெரியும்: எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊரில் சேரலாம். இரண்டாவது பத்தி பலருக்குத் தெரியாது: ஓர் ஊரின் வரிப்பட்டியலில் ஐந்தாவது முறையாக இடைவிடாமல் பெயர் இருப்பவர், அங்கிருந்து வீடு மாறிப் போய்விட்டாலும், விரும்பினால் அந்த ஊரிலேயே வாக்களிக்கலாம். பிற்பாடு அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். நான் சொல்வது ஐந்தாக இருந்த காலத்துக் கதை.

புறநகர் நகரசபை ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதில் பதினோரு ஆண்டுகள் வாக்காளர் பதிவு மேசையில். இரண்டு பத்திகளும் எனக்கு மனப்பாடம். 2013 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை, அவற்றை ஒரு மனிதருக்குச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வந்தது. முதல் பத்தியை மட்டும் சொன்னேன்.

அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அதை யாரும் பயன்படுத்தவில்லை. "மேயர்" என்றால்தான் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். வடக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். சுற்றுலாப் பயணிகளுக்கு வெங்காய சூப்பும் வாத்துக் காலும் செய்துகொடுத்துவிட்டு, மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தைத் தேநீர்க் கடையில், சோசலிஸ்ட் கட்சிக்காரரான பாரிஸ் மேயரைத் திட்டுவதில் செலவழிப்பார். ஓய்வு என்று அவர் அதைத்தான் சொன்னார்.

நான் 2009 ஜனவரியில் ஓய்வு பெற்றேன். புதுச்சேரியில் பிறந்தவன், பிறந்த நாளிலிருந்து பிரெஞ்சுக் குடிமகன், மனைவியை இழந்தவன், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன். இப்படி ஒருவன் லாச்சப்பல் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் என் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. அலுவலகத்தில் இருந்த வரிசையைவிட அது ஒழுங்காக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் விண்ணப்பத்தோடு வரவில்லை. தேநீர்க் குவளையோடு வந்து எதிரில் அமர்ந்தார்.

"பாண்டி அண்ணை, இந்த றோட்டிலை முந்தி கார் விட இடம் இருந்தது. இப்ப பாருங்கோ, சைக்கிள் நிக்குது. ஆருக்கு? எங்கடை சனத்துக்கோ?"

"உங்ககிட்ட கார் இருக்குதா?"

"இல்லை."

"ஓட்டத் தெரியுமா?"

"அது வேறை கதை. நான் கொள்கை கதைக்கிறன்."

மழை பெய்தால் பாரிஸ் மேயர் சாக்கடையைக் கவனிக்கவில்லை. மெத்ரோ தாமதித்தால் மேயர். மெத்ரோவை மேயர் ஓட்டுவதில்லை என்று சொன்னால், அப்படியானால் எதற்கு மேயர்? கறிவேப்பிலை விலை ஏறியபோது கடையில் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். "சோசலிஸ்ட் வேலைதான்" என்று அவர் தயங்காமல் சொன்னார். ஊரில் போர் முடிந்த 2009 மே மாதத்தில் மட்டும் அவர் மேயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் எதைப் பற்றியும் பேசவில்லை. ஜூன் கடைசியில், குப்பை வண்டி பிந்தி வருவதைப் பற்றி அவர் மறுபடி தொடங்கியபோது, கடையில் இருந்த எல்லாரும் ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டார்கள்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. சோசலிஸ்ட் மேயர் வந்தால் வாடகை ஏறும், வரி ஏறும், சனம் ஊரை விட்டுப் போகும். லாச்சப்பலைச் சுற்றிக் குடியிருந்த நம் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரான்சி, பொண்டி, பொபினி என்று தொண்ணூற்று மூன்றாம் மாவட்டப் புறநகருக்குப் போய்க்கொண்டிருப்பதே சாட்சி.

நான் ஒருமுறை நிதானமாக விளக்கினேன். பொண்டியிலும் சோசலிஸ்ட் மேயர்தான். பொபினியில் இருப்பவர் அதைவிடச் சிவப்பு. சோசலிஸ்டுக்குப் பயந்து ஓடுகிறவர்கள் கம்யூனிஸ்ட் மடியில் போய் விழுவார்களா?

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது சின்னச் சோசலிஸ்ட் அண்ணை. இது பெரிய சோசலிஸ்ட்."

கடை முழுக்கச் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான். இருபத்தொன்பது ஆண்டு அரசாங்க அனுபவம் அன்று ஒரு தேநீருக்குக்கூடப் பெறவில்லை.

இன்னொரு நாள் சென்னையிலிருந்து வந்த மென்பொருள்காரர் ஒருவர் மசால்வடை வாங்க நின்றவர், பேச்சைக் கேட்டுவிட்டு, "அமெரிக்காலயும் இதே டிபேட்தான் சார் ஓடுது. அங்க சிட்டி மேயருங்களத் திட்டுறாங்க, ஜனங்க ஸ்டேட் விட்டு ஸ்டேட் மாறிப் போறாங்கன்னு டெய்லி ஆர்கியூ பண்றாங்க" என்றார். அவர் வடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விளைவு எங்களிடம் தங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் மேயரின் சித்தாந்தம் சர்வதேசத் தகுதி பெற்றது. "அமெரிக்காவிலையே ஒத்துக்கொண்டிட்டாங்கள்" என்பார். யார், எதை என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

அவருடைய ஆதாரம் எதுவென்றால், அவர் வீட்டுத் தபால்பெட்டி.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் நான்காம் மாடி, மின்தூக்கி இல்லை, இரண்டு அறை. அவரும் மனைவியும் மகளும். கீழே வாசலில் இருந்த பெட்டியில் அவர் பெயரைத் தவிரப் பதினேழு பெயர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, வெவ்வேறு கையெழுத்தில் ஒட்டியிருக்கும். அதற்கொரு காரணம் உண்டு. பாரிஸ் எல்லையைத் தாண்டி வீடு மாறினால் வதிவிட அட்டை, குடியுரிமை என்று எல்லாக் கோப்புகளும் வேறு மாவட்டக் காரியாலயத்துக்கு மாறும். பாதியில் மாறிய கோப்பு தொலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. உண்மையா பொய்யா என்று பரீட்சித்துப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. ஆகவே உடம்பும் கட்டிலும் திரான்சிக்குப் போகும், பெயர் மட்டும் அவர் பெட்டியில் தங்கும். கடிதம் வந்தால் அவர் தொலைபேசியில் சொல்வார். காய்கறி வாங்க வரும்போது அவர்கள் எடுத்துப் போவார்கள். இதற்கு அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. திட்டுவார், அவ்வளவுதான். "தொண்ணூத்தி மூண்டுக்குப் போனவருக்குக் கடிதம் வந்திருக்கு. பாரிசிலை இருக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு வந்து எடுங்கோ."

பாரிஸில் சனத்தொகை குறைகிறது என்று முழங்கிய மனிதரே, காகிதத்தில் அதைக் குறையவிடாமல் பிடித்துவைத்திருந்தார். இதை நான் சுட்டிக்காட்டியபோது, "ஓம், மேயர் எனக்கு நன்றி சொல்ல வேணும்" என்றார்.

ஒரு ஜனவரியில் அவர்கள் கட்டடத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். பிரெஞ்சு அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் அடுப்படியில் கற்ற பிரெஞ்சு. அதை ஓர் அரசாங்கப் பிரதிநிதியிடம் பேசினால் வழக்கு வரும். வந்தவள் இளம்பெண், நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கினாள். எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"மூண்டு."

கீழே பெட்டியில் நிறையப் பெயர்கள் இருக்கின்றனவே என்றாள், மரியாதையாக.

அவர் இதற்காகவே பத்து வருடமாகக் காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "அதைத்தான் சொல்ல வந்தனான். எழுதச் சொல்லுங்கோ அண்ணை. பதினேழு குடும்பம் போயிட்டுது. மேயராலை. ஒவ்வொரு பேராச் சொல்லுறன், எழுதச் சொல்லுங்கோ."

போனவர்களை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை என்றாள் அந்தப் பெண்.

"இருக்கிற ஆக்களை எண்ணுறதுக்கு ஒரு பிள்ளையை மேலை ஏத்தி அனுப்பியிருக்கிறாங்கள். போன ஆக்களை ஆர் எண்ணுறது? கேளுங்கோ அண்ணை, கேளுங்கோ!"

"ஐயா உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று நான் மொழிபெயர்த்தேன். மனைவி தேநீரும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண் இரண்டு பணியாரம் சாப்பிட்டுவிட்டு, மூன்று என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனாள்.

இவ்வளவும் பேசுகிறவருக்கு வாக்கு இல்லை. அகதி அட்டை. இருபது வருடம் இருந்தாலும், வரி கட்டினாலும், மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வராது. ஐரோப்பிய ஒன்றியத்துப் போர்த்துக்கல்காரர் வந்து குடியேறினால் வாக்குப் போடலாம், இவர் போட முடியாது. இந்த விஷயத்தில் மட்டும் அவர் சத்தம் போடமாட்டார். ஒருநாள் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"உங்களுக்கு வோட்டு இருக்குத்தானே அண்ணை. போன எலெக்சனிலை என்ன செய்தனீங்கள்?"

"போகலைங்க. அன்னிக்குக் குளிரா இருந்தது."

அவர் குவளையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த நாள் குடியுரிமை விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு வந்தார்.

அந்தக் கோப்பை நான்தான் தயாரித்தேன். ஒரு காகிதம் விடுபடவில்லை. நேர்முகத்துக்கும் பயிற்சி கொடுத்தேன். ஏன் பிரெஞ்சுக் குடிமகனாக விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். சுதந்திரம், மகளின் படிப்பு, இந்த நாட்டின் மேல் பற்று, இந்த வரிசையில் சொல்லுங்கள் என்றேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன்.

நேர்முகம் முடிந்து வெளியே வந்தவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"மேயரை மாத்த எண்டு சொன்னன்."

"ஐயோ."

"கேள்வி கேட்ட மனிசி சிரிச்சவ அண்ணை. பிறகு எழுதினவ."

2013 வசந்தத்தில் குடியுரிமை கிடைத்தது. எனக்கு அது ஒரு தொழில்முறைத் தோல்வி. மேயரை மாற்ற வேண்டும் என்பதும் நாட்டுப்பற்றின் கீழ் வரும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. கடையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில் நகரசபைத் தேர்தல். "ஒரு வோட்டு அண்ணை. ஒண்டு காணும்" என்றார்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்காரரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. வீட்டை விற்கப்போகிறார், ஒப்பந்தம் முடியும்போது காலி செய்ய வேண்டும். நான் வரிவரியாகப் பார்த்தேன். ஆறு மாத அவகாசம் சரி, முதலில் குடியிருப்பவருக்கே விற்க முன்வரும் வாசகம் சரி, விலை சரி, கையெழுத்து சரி. ஒரு பிழையும் இல்லாத கடிதம் கிடைப்பது அபூர்வம். அதை வாய்விட்டுப் பாராட்டியும் விட்டேன்.

"அவனும் சோசலிஸ்ட்டாத்தான் இருப்பான்."

"அவருக்குக் கட்சி கிடையாதுங்க. மூணு வீடு இருக்கு."

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "குண்டுக்கு ஓடின சனம் நாங்கள். அதிலை வெக்கம் இல்லை. வாடகைக்கு ஓடுறது வெக்கம் அண்ணை. அதுதான் இவ்வளவு நாளும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இஞ்சை இருந்தனான்."

அக்டோபரில் திரான்சிக்குப் போனார்கள். பதினெட்டாவது குடும்பம். பெட்டியில் இருந்த பெயர்களை அவர் கிழிக்கவில்லை. தன்னுடையதையும்தான்.

டிசம்பர் 20ஆம் தேதி பிற்பகல் பாரிஸ் எல்லைக்குள் இருக்கும் என் வீட்டு மணியை அடித்தார். கையில் அவருடைய பிளாஸ்டிக் பை. அவருடைய எல்லாக் காகிதமும் எப்போதும் அதில்தான் இருக்கும். உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டார். பாரிஸ் வீட்டுக்கான அந்த வருடக் குடியிருப்பு வரி.

"இல்லாத வீட்டுக்கு வரி அண்ணை. பாருங்கோ நியாயத்தை."

"ஜனவரி ஒண்ணாம் தேதி யார் இருந்தாங்களோ அவங்க பேர்லதான் வரும். முழு வருஷத்துக்கும். அதான் விதி."

"ஓம், ஓம். கட்டிப்போட்டன்." பிறகு சற்றுத் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்தது அன்றுதான். "அண்ணை, ஒரு உதவி. வோட்டுப் பதிய முப்பத்தோராம் திகதி கடைசி. உங்கடை வீட்டிலை இருக்கிறன் எண்டு ஒரு கடுதாசி எழுதித் தாங்கோ. மார்ச் மட்டும்தான். பிறகு கிழிச்சு எறியுங்கோ."

"நீங்க இங்க இல்லையே."

"பேருக்குத்தானே."

நான் முதல் பத்தியைச் சொன்னேன். எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊரில். பொய்யான இருப்பிடச் சான்று கொடுத்தால் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு என்றேன். தண்டனை எவ்வளவு என்பதையும், எந்தப் பிரிவு என்பதையும் சொன்னேன். திரான்சியில் பதியுங்கள், அது உங்கள் உரிமை என்றும் சொன்னேன்.

"அங்கை எனக்கு என்ன கோவம்? அந்த மேயரை எனக்குத் தெரியவும் தெரியாது."

"சட்டம் அதுதாங்க."

அவர் வரித்தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தார். "நான் பதினேழு பேருக்குக் குடுத்தனான் அண்ணை. அதிலை நாலு பேரின்ரை பேரை எழுதினது உங்கடை கை."

அது உண்மை. விண்ணப்பங்களில் அந்த விலாசத்தை நான்தான் எழுதினேன். அது வேறு, இது வேறு என்று ஏதோ சொன்னேன். வேறுபாட்டை விளக்கவும் செய்தேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

மேசையில் அந்த வரித்தாள் கிடந்த இடத்தைப் பார்த்தேன். அவர் முதல் மாடியைத் தாண்டியிருக்க மாட்டார், இரண்டாவது பத்தி முழுவதும், காற்புள்ளி உட்பட, நினைவுக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மேலாகப் பாரிஸில் வரி கட்டியவர். என்னுடைய கடுதாசியே அவருக்குத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். தொலைபேசி பக்கத்தில் இருந்தது. டிசம்பர் முடியப் பதினோரு நாள் இருந்தது.

மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்கள், வயதும் அதற்கு ஒத்துழைக்கும். மறக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என் தொழில் தர்மம் என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டேன். விடுமுறைக் காலம் என்று இரண்டு நாள். உண்மை இதைவிடச் சிறியது. ஐந்து வருடத்தில் அந்த மனிதரிடம் நான் ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை. இதில் ஜெயித்திருந்தேன். கொஞ்ச நாள் வைத்திருக்க விரும்பினேன். ஜனவரி வந்துவிட்டது.

மார்ச்சில் இரண்டு ஞாயிறும் போய் வாக்களித்தேன். குளிராகத்தான் இருந்தது. பாரிஸில் மறுபடி சோசலிஸ்டுகளே வந்தார்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முருங்கைக்காயும் பாணும் வாங்க அவர் லாச்சப்பல் வருவார். கடையில் உட்காருவார். மேயரைப் பற்றிப் பேசமாட்டார். கடைக்காரர் சீண்டிப் பார்த்தார்: "என்ன மேயர், திரான்சி மேயர் எப்பிடி?"

"நல்ல மனிசனாத்தான் இருப்பார்."

"குப்பை எடுக்கிறாங்களோ?"

"எடுக்கிறாங்கள்."

கடையில் எல்லாரும் தங்கள் குவளைக்குள் பார்த்தார்கள். அவ்வளவு அமைதியாக ஒரு தேநீரை அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு மனிதரின் பேச்சை முடக்க ஒரு பத்தியை விழுங்கினால் போதும் என்று நான் தெரிந்துகொண்டேன்.

ஜூனில் கடிதம் எழுதினேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வரைவு. பதினொன்றாம் பிரிவை முழுதாக எழுதி, எனக்குத் தெரிந்தே சொல்லாமல் விட்டேன் என்பதையும் எழுதி, கடைசி வரியில் மன்னிப்புக் கேட்டேன். எந்தக் கடிதத்தையும் பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், இதைச் சாதாரணத் தபாலில் போட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டாம் என்று தோன்றியது.

பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு கடையில் பார்த்தபோது என் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்தார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் முழங்கால். கோபத்தை இவ்வளவு பண்பாக வெளிப்படுத்தும் ஆள் என்று நான் அவரை எண்ணியதில்லை. எதிரில் அமர்ந்து, அவர் பைக்குள் கைவிடும்போதெல்லாம் என் கடிதம் வெளியே வரும் என்று காத்திருந்தேன். வெற்றிலையோ சில்லறையோ வந்தது. நானாகக் கேட்கவும் முடியவில்லை. இப்படி இரண்டு வருடமும் நான்கு மாதமும் போயின.

கடைசியில் வந்த பதில், உணவகத்தில் ஆர்டர் எழுதும் தாளில் இருந்தது.

"பாண்டி அண்ணைக்கு. உங்கடை கடிதம் போன சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. எங்கடை பழைய வீட்டு விலாசத்துக்குப் போட்டிருக்கிறியள். நாலைஞ்சு வருசம் அதையே எழுதின கை, தன்ரை பாட்டிலை எழுதியிருக்கும். இப்ப அந்த வீட்டை வாங்கி இருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளையள் எங்கடை பதினெட்டுப் பேரின்ரை கடிதங்களையும் எறியாமல் ஒரு சப்பாத்துப் பெட்டியிலை போட்டு வைச்சிருக்கினம். ரண்டு பேரும் சைக்கிள்காரர். ஆனால் நல்ல பிள்ளையள்.

ரண்டாவது பந்தி எனக்குத் தெரியும். நீங்கள் ஏலாது எண்ட அண்டைக்கே நேரை மெறிக்கு, நகரசபைக் கந்தோருக்குப் போனனான். சண்டை பிடிக்கத்தான் போனனான். மேசையிலை இருந்த பிள்ளை வரிக் கடுதாசியைப் பாத்திட்டு, முந்தின வருசத்துக் கடுதாசியளும் இருக்கோ எண்டு கேட்டுது. பையிலை இருந்தது. பத்து நிமிசத்திலை பதிஞ்சு தந்தது. மார்ச்சிலை ரண்டு ஞாயிறும் திரான்சியிலை இருந்து வந்து போட்டனான். ஆருக்குப் போட்டனான் எண்டு கேக்காதேங்கோ, அது ரகசியம்.

உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் மறந்து விட்டனீங்களோ, வேணுமெண்டு விட்டனீங்களோ எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது. மறந்திருப்பியள் எண்டுதான் வைச்சிருந்தனான். இப்ப தெரியும். மன்னிப்பு எண்டு கடைசி வரியிலை எழுதியிருக்கிறியள். அதுக்கு உடனை பதில் சொல்ல ஏலாது. பாப்பம்."

கையெழுத்து இருந்தது. தேதி இல்லை. தேதியில்லாத காகிதத்தை நான் கோப்பில் வைப்பதில்லை என்பதால், மேல் மூலையில் நானே எழுதினேன்: கிடைத்தது, 2016 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை.